மனைவி கணக்கைச் சேர்த்தால் நான் புரொஃபஷனலா?

அல்கோ மென்பொருள் நிறுவனத்தின் கட்டணப் பிரிவினருக்கு,

வணக்கம். பங்குச்சந்தையில் தானாகவே ஆர்டர் போடும் உங்கள் மென்பொருளுக்கு மூன்று வருடமாகச் சந்தா கட்டுகிறவன் நான். போன வாரம் உங்கள் மின்னஞ்சலில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. இனி நான் ‘ரீடெய்ல்’ (சில்லறை முதலீட்டாளர்) இல்லையாம், ‘புரொஃபஷனல்’ (தொழில்முறை வர்த்தகர்). என் கணக்கோடு மனைவியின் கணக்கையும் இணைத்திருப்பதுதான் காரணம். மாதம் 1,500 ரூபாய், அடுத்த மாதம் முதல் 6,000. ஜிஎஸ்டி தனி.

விலை அடுத்த மாதம்தான். ஆனால் மின்னஞ்சல் வந்த திங்கட்கிழமையே அவள் கணக்கை நிறுத்திவிட்டீர்கள். அதற்கு முன்பே அன்று மென்பொருள் அதில் நிஃப்டி கால் ஆப்ஷன் (நிஃப்டி ஏறினால் விற்றவருக்கு நஷ்டம் தரும் ஒப்பந்தம்) ஒரு லாட் விற்றிருந்தது. நஷ்டம் ஒரு அளவைத் தாண்டாமல் வெளியேற வைக்கும் ஸ்டாப்லாஸ் ஆர்டர் அன்றோடு காலாவதியாகிவிடும். மறுநாள் காலை 9.15-க்கு மென்பொருள்தான் மறுபடி போட வேண்டும். செவ்வாய், எக்ஸ்பைரி நாள், அதாவது ஒப்பந்தம் முடிகிற நாள். என் பெயிண்ட் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு போனைப் பார்க்கிறேன், என் கணக்கில் ஆர்டர் விழுந்திருக்கிறது. அவள் கணக்கில் ‘திட்டத்தை மேம்படுத்துங்கள்’ என்று ஒரு பச்சைப் பட்டன். எதிரில் ஒருவர் கலர் கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் புரோக்கர் ஆப்பில் ஓடிபிக்குக் காத்திருக்கிறேன். கையால் குளோஸ் பண்ணும்போது மணி 9.22. ஸ்டாப்லாஸைத் தாண்டி 62 புள்ளி போயிருந்தது. ஒரு லாட் என்றால் 65 யூனிட், ஆக 4,030 ரூபாய்.

அந்தப் பணத்தைக் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. குடும்பக் கணக்கை ரீடெய்ல் கட்டணத்திலேயே வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

2025 பிப்ரவரியில் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி விட்ட சுற்றறிக்கையை நீங்கள் படிக்காமல் இருக்க மாட்டீர்கள். சொந்தமாக அல்கோ எழுதிப் பதிவு செய்கிற சில்லறை முதலீட்டாளர் அதைக் குடும்பத்துக்கும் ஓட்டலாம். குடும்பம் என்றால் தான், துணை, தன்னை அண்டியிருக்கும் பிள்ளைகள், பெற்றோர். அது உங்கள் விலைப்பட்டியலைக் கட்டுப்படுத்தாது, சரி. ஆனாலும் செபிக்குக் குடும்பமாகத் தெரிகிறவர்கள் உங்களுக்கு மட்டும் எப்படி ட்ரேடிங் டெஸ்க் (நிறுவனத்தின் வர்த்தகப் பிரிவு) ஆனார்கள்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். வரியோடு 7,080 ரூபாய். எங்கள் இரண்டு லாட்டில் மாதம் 55 புள்ளி லாபம் வந்தால் உங்கள் கட்டணத்துக்குச் சரியாகப் போகும். புரோக்கரேஜும் எஸ்டிடி என்கிற பங்குப் பரிவர்த்தனை வரியும் அப்புறம். நூறு லாட் போடுகிறவருக்கு அதே தொகை ஒரு புள்ளி சொச்சம்தான். என் கடையில் பெயிண்டருக்கு டப்பாவுக்குள் டோக்கன் இருக்கும், அதாவது தொழில்காரருக்குத்தான் சலுகை. நீங்கள் தொழில்காரர் என்று பட்டம் கொடுத்துக் கூடுதலாக வாங்குகிறீர்கள், அதையும் பட்டம் கேட்காதவனிடம்.

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே சொன்னது. உங்கள் விளம்பரத்தில் வரும் பேக்டெஸ்ட் (பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்த) கோடு மட்டும் எப்போதும் மேலேதான் ஏறுகிறது! அந்த 93 பேரும் எந்த மென்பொருள் வாங்கினார்களோ.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். ஒரே குடும்பத்துக்குள் கணவன், மனைவி, பெற்றோர் என்றால் ஆதாரம் கேளுங்கள், தருகிறேன். ஒரு கணக்கை நிறுத்துவதானால், அதில் திறந்த பொசிஷன் (இன்னும் முடிக்காத வர்த்தகம்) இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு நிறுத்துங்கள். அடுத்த சந்தா 5-ஆம் தேதி. அதற்குள் குடும்பக் கணக்கை ரீடெய்லுக்கு மாற்றித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பெயிண்ட் கடைக்காரர்