புற்றுநோயாளிக்கு ‘சக்திக் குளிசை’: கேட்காமல் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் சொந்தபந்தங்கள் வாங்கி வருவது ‘நிர்ப்பீடன சக்தி கூட்டும்’ என்று எழுதிய போத்தல்தான். உள்ளே விற்றமின் ஈ, விற்றமின் சீ, பச்சைத் தேயிலைச் சாறு. ஒட்சியேற்றம் கெட்டது, அதை அடக்கினால் எதிர்ப்பு கூடும் என்பது கணக்கு. அதில் பாதிதான் சரி.

புற்றுக் கலங்களைத் தேடிக் கொல்லும் வெண்குழியத்துக்கு ரி கலம் என்று பெயர். புற்றுக் கட்டிக்குள் நுழையும் ரி கலத்துக்கு அங்கே ஒட்சிசன் போதாது. குளுக்கோசைப் புற்றுக் கலங்களே அள்ளிக்கொள்கின்றன. ஓய்வே இல்லாமல் தூண்டப்படுவதால் ரி கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகள் பழுதாகி, தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் மூலக்கூறுகளைக் கசியவிடும். அவற்றைத் தணிக்கும் குளுட்டாதயோன் தீர்ந்துபோனால் ரி கலம் களைத்துவிடும்: பெருகாது, கொல்லும் புரதங்களைச் சரியாகச் சுரக்காது. போதாக்குறைக்கு, கட்டி தன் பக்கம் இழுத்துவைத்த சில வெண்குழியங்கள் பரவொட்சிநைத்திரைற்று என்ற ஒட்சியேற்றும் பொருளை உண்டாக்கி விடுகின்றன. ரி கலம் புற்றுக் கலத்தை அடையாளம் காண்பது அதன் மேலுள்ள ‘வாங்கி’ என்ற புரதத்தால்; அந்த வாங்கியிலுள்ள தைரோசின் என்ற அமினோ அமிலத்தை இது தாக்கி உருமாற்றுகிறது. பூட்டுத் துவாரத்தில் மெழுகு ஊற்றிய மாதிரி. புற்றுக் கலம் பக்கத்திலேயே நின்றாலும் அடையாளம் பிடிபடாது.

அப்படியென்றால் ஒட்சியேற்றத்தை அடக்குவது நல்லதுதானே? இங்கேதான் தவறு நடக்கிறது. அதே ரி கலம் விழித்தெழுந்து பெருகுவதற்குச் சிறிதளவு ஐதரசன் பரவொட்சைட்டு சமிக்ஞையாகத் தேவை. கதிர்ச் சிகிச்சையும் சில கீமோ மருந்துகளும் ஒட்சியேற்றத்தைக் கொண்டே புற்றுக் கலத்தைத் தாக்குகின்றன. விழுங்கிய குளிசை ரி கலத்தைத் தேடிப் போவதில்லை, புற்றுக் கலத்துக்கும் கவசமாகலாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது: ஒட்சியேற்றத்தை அடக்கும் இன்னொரு பொருளான பீட்டா கரோட்டீனைத் தினமும் 20 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.

தேயிலை நாட்டவர் நாம், அதையும் சொல்லவேண்டும். பிளேன்டீ வேறு, சாற்றுக் குளிசை வேறு. பச்சைத் தேயிலையின் ஈஜிசிஜி என்ற பொருள், மைலோமா என்ற எலும்பு மச்சைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் போர்டெசோமிப் மருந்தோடு நேரடியாகப் பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்வதாக ஆய்வுகூடத்திலும் எலிகளிலும் 2009இல் காட்டப்பட்டது. குளிசை வடிவில் நாளுக்கு 800 மில்லிகிராம் ஈஜிசிஜியைத் தொட்டால் ஈரலும் பாதிக்கப்படலாம்.

ஒட்சியேற்றத்தைக் குறைக்க உண்மையில் விரும்புகிறவர்கள் கன்னத்தில் அடக்கும் வெற்றிலை பாக்கைக் கைவிடுங்கள். சுண்ணாம்பின் காரத்தில் பாக்கின் பொலிபீனோல்கள் தாமாகவே ஒட்சியேறி, வாய்க்குள்ளேயே ஐதரசன் பரவொட்சைட்டை உண்டாக்குகின்றன. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும். இரண்டு வாரத்தில் ஆறாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, புண் எதுவானாலும், மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க முடியாதபடி வாய் திறப்பு குறைந்தாலும், பல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

சிகிச்சை தொடங்குமுன் போத்தலையே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். பெயர், ஒரு குளிசையில் எத்தனை மில்லிகிராம், நாளுக்கு எத்தனை என்று கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள். “விற்றமின்தானே” என்று மறைக்கவேண்டாம். குறைபாட்டுக்காக வைத்தியரே எழுதித் தந்ததைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். விற்பவர்களும் “கீமோ எடுக்கிறவருக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்கள் இருவர்,
ஹட்டன்.