பயன்பாட்டுக் கணிதக் கருத்தரங்குகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ஒருங்கிணைப்பாளர்களுக்கு வணக்கம்.

கணிதம், இயந்திரவியல், வேதிப் பொறியியல், உயிரியல் என்று பல துறைக்காரர்கள் ஒரே அரங்கில் உட்காரும் ஆராய்ச்சி உரைகளைப் பற்றி எழுதுகிறோம். பேச்சாளர் கெட்டிக்காரராகவே இருப்பார். ஆனாலும் பத்தாவது நிமிடத்தில் பாதி அரங்கு கைப்பேசிக்குள் போய்விடுகிறது. அழைப்பு மின்னஞ்சலில் தலைப்பு, சுருக்கம், புகைப்படம் தவிர நீங்கள் எதையும் கேட்காததே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

முதலில், மாறிகளுக்கென்று ஒரு ஸ்லைடு கேளுங்கள். மியூ என்றதும் பாய்மக்காரருக்குப் பாகுநிலை நினைவுக்கு வரும், புள்ளியியலாருக்குச் சராசரி, இயந்திரப் பொறியாளருக்கு உராய்வுக் குணகம். எந்த எழுத்து எது, அலகு என்ன, எல்லை நிபந்தனை என்ன என்பது அதில் இருக்கட்டும். அலகுகள் போகும்படி வகுத்து எழுதிய பரிமாணமற்ற சமன்பாட்டில் நேரே இறங்குவது கணிதத் துறையின் பழக்கம். எதால் வகுத்தார்கள் என்று தெரியாத பொறியாளர் அங்கேயே கழன்றுகொள்வார். ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தில் நிலைம விசைக்கும் பாகு விசைக்கும் உள்ள விகிதம்) 50,000 என்பதோடு, 5 செ.மீ. குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் என்றும் சொன்னால் போதும். நீந்தும் பாக்டீரியாவுக்கு அந்த எண் 0.0001க்கும் கீழே. இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1976இல் ஆற்றிய உரை இதற்கு நல்ல முன்மாதிரி. சிப்பியைப் போல வெறுமனே திறந்து மூடும் உயிரி அந்த உலகில் ஏன் இடம்பெயர முடியாது என்பதை அந்த ஒரே எண்ணிலிருந்து எடுத்துக்காட்டினார்.

அடுத்தது பிழை வரைபடம். பலர் மறைப்பது இதைத்தான். கணினியில் தீர்த்த விடை என்றால், கணக்கிடும் இடத்தைத் துண்டாக்கிய வலையின் கண் அளவைப் பாதி பாதியாகக் குறைத்து, குறைந்தது நான்கு வலைகளில் பிழையைக் காட்டச் சொல்லுங்கள். பிழை வலைக்கண் அளவின் இருமடிக்கு ஏற்பக் குறையும் இரண்டாம் படி முறையில் அது ஒவ்வொரு தடவையும் நாலில் ஒன்றாக வேண்டும். பாதியாக மட்டும் குறைந்தால் எல்லையில் எடுத்த தோராயத்தைச் சந்தேகிக்கலாம். ஒழுங்காக இறங்கிய கோடு திடீரென்று படுத்துவிட்டால், நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல் முன்கூட்டியே நின்றிருக்கக்கூடும். அதன் நிறுத்த வரம்பை இறுக்கினால் மறுபடி இறங்கும். சரியான விடை தெரியாமல், மிக நுண்ணிய வலையையே விடையாக வைத்து அளப்பவர்களும் உண்டு. அப்போது அதற்கு முந்தைய வலையின் பிழை உண்மையைவிடக் கால்பங்கு குறைவாகத் தெரியும். யாரும் கேட்பதில்லை என்பதால் இது தப்பித்துவிடுகிறது.

மடக்கை அச்சில் பத்து மடங்குகூட விரியாத தரவின் மேல் நேர்க்கோடு போட்டு "அடுக்கு விதி" (ஓர் அளவு இன்னொன்றின் அடுக்காக மாறுவது) என்று அறிவிப்பதையும் அனுமதிக்காதீர்கள். அவ்வளவு குறுகிய இடத்தில் அநேகமாக எந்த வளைவும் நேராகத்தான் தெரியும். படத்தில் மதிப்புகளைக் காட்ட வானவில் வண்ணமும் வேண்டாம். மஞ்சள் பட்டையில் இல்லாத எல்லையைக் கண் பார்த்துவிடும். விரிடிஸ் போன்ற, வெளிச்சம் சீராக ஏறும் வண்ணம் போதும்.

60 நிமிடத்தில் 45 பேச்சுக்கு. மீதியில் முதல் இரண்டு கேள்விகள் மாணவர்களுக்கு. கேள்வி என்ற பெயரில் தம் ஆராய்ச்சியை விவரிக்கும் பேராசிரியர் எல்லாத் துறையிலும் இருக்கிறார். அவரை நிறுத்தும் வேலை தலைமை வகிப்பவருடையது, பேச்சாளருடையதில்லை.

இப்படிக்கு,
பின்வரிசைக்காரர்கள் சிலர்