சராசரி போட்டால் கணவாய் அடைபட்டுவிடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊட்டி உறைபனி பற்றிய கட்டுரையில், கரியமில வாயு தடுக்க வேண்டிய வெப்பத்தையெல்லாம் ஏற்கெனவே தடுத்துவிட்டது, இனி அது கூடினாலும் மாற்றமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது பிழை. கணினியில் வானிலை மாதிரி ஓட்டப் பழகும் மாணவர்களும் இதே இடத்தில்தான் தவறுகிறார்கள் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

வாயுக்கள் கதிர்வீச்சை ஒரே சீராக உறிஞ்சுவதில்லை. கரியமில வாயு வெப்பத்தை உறிஞ்சும் 15 மைக்ரான் அலைநீளப் பட்டையை உற்றுப் பார்த்தால், அது ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகளாகப் பிரியும். கோட்டின் நடுவில் உறிஞ்சல் பலமாக இருக்கும். இரு கோடுகளுக்கு இடையே பல மடங்கு குறைந்துவிடும். ஒரு பட்டையில் பாதிக்கு ஒளியியல் தடிமன் (கதிர்வீச்சை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) 10, மீதிப் பாதிக்கு 0 என்று வைத்துக்கொள்வோம். வெப்பத்தில் பாதி தப்பித்துப் போய்விடும். சராசரியாக 5 என்று போட்டாலோ 0.7 சதவீதம்தான் தப்பும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஒரே சராசரி உயரம் போட்டால் பாலக்காட்டுக் கணவாய் அடைபட்டு, பல்லடத்துக் காற்றாலைகள் கணக்கில் நின்றுபோகும். அதே கதைதான் இது.

வாயுக்களின் உறிஞ்சல் கோடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஹிட்ரான் தரவுத்தளத்தில் ஒவ்வொரு கோட்டின் இடம், வலிமை, அகலம் எல்லாம் இருக்கின்றன. கோடு கோடாகக் கணக்கிடுவதே துல்லியம். ஆனால் லட்சக்கணக்கான அலையெண்களுக்கு (அலைநீளத்தின் தலைகீழ் அளவு), காற்றின் ஒவ்வொரு அடுக்கிலும் கணக்குப் போடுவது தினசரி முன்னறிவிப்புக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பட்டைக்குள் இருக்கும் உறிஞ்சல் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்துகிறார்கள். தாறுமாறாக ஏறி இறங்கிய கோடு வழவழப்பான வளைவாகிவிடும். அதில் சில புள்ளிகளைத் தொட்டாலே போதும். கதிர்வீச்சைக் கணக்கிடும் ஆர்ஆர்டிஎம் நிரலில் நெட்டலைக்கு (பூமியும் காற்றும் உமிழும் வெப்பக் கதிர்வீச்சு) 16 பட்டைகள், பட்டைக்கு 16 புள்ளிகள், ஆக மொத்தம் 256. வேகத்துக்காக அதன் சுருங்கிய வடிவமான ஆர்ஆர்டிஎம்ஜி அதை 140 ஆகக் குறைத்தது.

இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. தரையில் உறிஞ்சலில் எந்த அலையெண் முதலிடமோ, மேலேயும் அதுவே முதலிடம் என்று அது நம்புகிறது. அழுத்தம் குறையக் குறையக் கோடுகள் மெலியும். ஊட்டி உயரத்தில் அழுத்தம் சுமார் 770 ஹெக்டோபாஸ்கல்தான். கீழே நீராவியும் மேலே கரியமில வாயுவும் ஓங்கியிருக்கும் பட்டையில் வரிசை குலையும். எனவே மேகமற்ற ஒரே ஒரு காற்றுத்தூணை எடுத்துக் கோடு கோடான கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தரையிலும் உச்சியிலும் விடை பொருந்தினால் மட்டும் போதாது. அடுக்குக்கு அடுக்கு வெப்பமாகும் வீதத்தையும் பாருங்கள். ஓர் அடுக்கின் பிழையை இன்னோர் அடுக்கின் பிழை மறைத்துவிடும்.

கட்டுரையின் கூற்றுக்கு வருகிறேன். கோட்டின் நடுப்பகுதி நிரம்பிவிட்டது உண்மைதான். கோடுகளின் ஓரங்களும், பட்டையின் இரு விளிம்பிலுள்ள வலுவற்ற கோடுகளும் இன்னும் நிரம்பவில்லை. அதனால்தான் கரியமில வாயு இரட்டித்தால் வெளியேறாமல் தடுக்கப்படும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சுமார் 3.7 வாட் கூடுகிறது.

உறைபனிக்கு வழிவிடுவது 8 முதல் 12 மைக்ரான் வரையுள்ள ஜன்னல், அதாவது தரையின் வெப்பம் எளிதில் வெளியேறும் அலைநீள இடைவெளி. அங்கே கோடுகள் குறைவு, 9.6 மைக்ரானில் ஓசோனை விட்டால், நீராவியின் தொடருறிஞ்சல்தான் (கோடுகளாகப் பிரியாமல் பரவலாக நடக்கும் உறிஞ்சல்) முக்கியம். அதன் ஒரு பகுதி நீராவியின் வர்க்கத்தைப் பொறுத்தது: ஈரம் பாதியானால் அது கால் பங்காகும். மார்கழி இரவில் வறண்ட காற்று வந்தவுடன் ஜன்னல் அகலத் திறந்துகொள்வது இப்படித்தான். தேயிலைத் தோட்டங்களுக்கு உறைபனி எச்சரிக்கை தருபவர்கள், தங்கள் மாதிரியில் இந்தத் தொடருறிஞ்சல் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி.