சும்மா நிற்கும் எஞ்சின்

அன்புள்ள சேகர்,

செஸ்னா சிறு விமானம் மூன்று மாதமாக ஹேங்கரிலேயே நிற்கிறது, வாரம் ஒருமுறை புரொப்பெல்லரைக் கையால் சுற்றி வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். முதலில் அதை நிறுத்தச் சொல். சிலிண்டர் சுவரில் மிச்சமிருக்கும் ஆயில் படலத்தை பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழித்து எடுத்துவிடும். எஞ்சினைச் செய்த லைகமிங் கம்பெனியே தன் சர்வீஸ் லெட்டரில் வேண்டாம் என்கிறது.

அந்த விமானத்தின் ஓ-360 எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சின் நின்றால் ஆயில் கீழே வடிந்துவிடும். கடற்காற்று வீசும் ஊரில் கேம்ஷாஃப்ட்டின் மேடான லோப் மேல் துரு பிடிக்க அதிக நாள் ஆகாது. அடுத்த ஸ்டார்ட்டில் அந்தத் துருவே உப்புத்தாள் மாதிரி, லோப் தள்ளும் டாப்பெட்டின் முகத்தை அரிக்கும். முதலில் ஊசி குத்தியதுபோல் புள்ளிகள், பிறகு செதில் செதிலாகப் பெயரும். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வைத் திறக்கும் இன்டேக் லோப் ஒவ்வொன்றும் எதிரெதிரான இரண்டு சிலிண்டருக்கு வேலை செய்வதால் அதை முதலில் பார்.

தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி அணைப்பதும் கெடுதல்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டி, கிராங்க்ஷாஃப்ட் இருக்கும் கூடான கிராங்க்கேஸுக்குள் இறங்கி, ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும். அது வெளியேற ஆயில் 80 டிகிரி செல்சியஸைத் தொட்டு ஒரு மணி நேரமாவது பறக்க வேண்டும்.

கம்ப்ரெஷன் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியடையாதே. நாலு சிலிண்டரும் 76/80 (80 பி.எஸ்.ஐ. அழுத்தக் காற்றில் 76-ஐத் தாங்குகிறது) காட்டும்போதே கேம் தேய்ந்துகொண்டிருக்கலாம். அந்தச் சோதனை வால்வையும் ரிங்கையும்தான் சொல்லும். கேமின் கதை ஆயில் ஃபில்டரில் இருக்கிறது. கட்டரால் வெட்டு, ஹேக்ஸா வேண்டாம், அதன் தூளே உள்ளே விழுந்து குழப்பும். மடிப்பை விரித்து சால்வென்ட்டில் அலசி, காந்தத்தை ஓட்டிப் பார். ஒட்டும் மினுமினுப்புச் செதில் இருந்தால் ஒரு சிலிண்டரைக் கழற்றி லோபையும் டாப்பெட்டையும் நேரில் பார்த்துவிடு. காளான் தலை டாப்பெட் என்றால் மாற்றுவதற்கு கிராங்க்கேஸையே பிரிக்க வேண்டும், செலவை முன்கூட்டியே உரிமையாளரிடம் சொல்லிவை.

ஃபில்டர் சுத்தமாக இருந்து, இன்னும் பல வாரம் பறக்கப்போவதில்லை என்றால் முறையாகப் பதப்படுத்து. மூன்று பங்கு மினரல் ஆயிலுக்கு ஒரு பங்கு துருவைத் தடுக்கும் பிரிசர்வேட்டிவ். அந்தக் கலவையை எஞ்சினில் ஊற்றிச் சூடேற ஓட்டி, அதையே மேல் ஸ்பார்க் பிளக் துளை வழியே ஒவ்வொரு சிலிண்டருக்கும் 2 அவுன்ஸ் தெளித்து, ஈரத்தை உறிஞ்சும் டீஹைட்ரேட்டர் பிளக் போடு. கிராங்க்கேஸின் காற்றுக்குழாயான பிரீதரையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்துவிடு. அதன்பின் புரொப்பெல்லரை யாரும் தொடக்கூடாது. சிவப்புத் துணி கட்டி எழுதித் தொங்கவிடு. பிளக்கில் உள்ள சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் மாற்று.

ஃபில்டர் மடிப்பின் படத்தை, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்து அனுப்பு.

அன்புடன்,
முருகேசன்