வளைவுக்குப் பதிலாக வாடகை

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.
ஆவணி 2025

அன்பின் நண்பா,

நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். உன் கடிதம் கிடைத்து இரண்டு கிழமையாகிறது. எங்கள் அணியில் எஞ்சியிருப்பவர்கள் ரொறன்ரோவில் ஒன்றுகூடியதையும், ஆளுக்கொரு தொகை போட்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு ஏதேனும் செய்வதென்று பேசியதையும், ஒருவர் நுழைவாயில் வளைவு என்றதையும் மற்றவர் மண்டபம் என்றதையும் எழுதியிருந்தாய். "நீ அதன் வாசலிலேயே குடியிருக்கிறாய். அந்த வளாகம் இப்போது ஊருக்கு என்னவாக இருக்கிறது, எங்கள் பணம் எங்கே போனால் பயன்படும் என்று உள்ளபடி எழுது" என்றும் கேட்டிருந்தாய். யோசிக்காமல் பதில் எழுத மனம் வரவில்லை. இரண்டு மாலைகள் வளாகத்தைச் சுற்றி நடந்துவிட்டுத்தான் மேசையில் உட்கார்ந்தேன்.

நாம் 1980இல் உள்ளே போனபோது கண்டதெல்லாம், 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் பழைய கட்டடங்களும், சிவன் கோயிலும், செம்மண் வளவும்தான். 1974 ஐப்பசியில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் திறக்கப்பட்டு, கைலாசபதி அதன் முதல் தலைவராக இருந்து, 1979 தை முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாகி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. தமிழருக்கான பல்கலைக்கழகம் திருகோணமலையிலா யாழ்ப்பாணத்திலா என்று பெரியவர்கள் பிணங்கிய பிணக்கின் சூடும் முற்றாக ஆறியிருக்கவில்லை. உன் ஐயா கடைசிவரை திருகோணமலைப் பக்கம் நின்றவர். வித்தியானந்தன் துணைவேந்தராக இருந்த அந்த ஆண்டுகளில், 1981இல் பொது நூலகமும் அதிலிருந்த 97,000 நூல்களும் எரிந்த பிறகு, எங்கள் நூலகத்தின் மேசைகளை விட்டு எழும்பாமல் நாங்கள் இருந்த நாள்களை நான் இன்னும் மறக்கவில்லை. படிப்பதே அன்று ஒரு கடமையாகத் தோன்றியது.

இன்று வளாகம் திருநெல்வேலிக்குள் அடங்கவில்லை. மருத்துவ பீடம் ஆடியபாதம் வீதியில் இருக்கிறது. சித்த மருத்துவம் கைதடியிலும், இசையும் நடனமும் மருதனார்மடத்திலும் நடக்கின்றன. விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் ஆகிய மூன்று பீடங்களும் கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரமாக அறிவியல் நகரில் அமைந்துள்ளன. வவுனியா வளாகம் 2021 ஆவணியில் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. விவசாய பீடத்தின் கதையை மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரில் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகள் திருநெல்வேலியில் ஒதுங்கியிருந்து, போர் முடிந்தபின் மறுபடியும் தன் இடத்துக்கே திரும்பியது அது. இரணைமடுக் குளத்து நீரில் விளையும் நெல்லைப் பற்றிப் படிக்க வேண்டியவர்கள் அந்த வயல்களுக்குப் பக்கத்திலேயே இருப்பதுதான் முறை. போன வருடம் ஒரு திருமண வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பீடத்து மாணவர்கள் வெயிலில் பாத்தி கட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். பேருந்து கடந்து போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஊருக்கு என்னவாக இருக்கிறது என்ற உன் கேள்விக்கு எங்கள் ஒழுங்கையிலிருந்தே பதில் சொல்கிறேன். மாணவருக்கு அறை விடாத வீடுகளை இங்கே ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு போய்விட, வயது போன இருவர் மட்டும் இருக்கும் வீடுகளின் மேல்மாடிகள் இன்று மாணவரால்தான் நிறைந்திருக்கின்றன. என் வீட்டிலும் நால்வர் இருக்கிறார்கள். ஒழுங்கை முனையில், போரில் கணவனை இழந்த ஒரு பெண் காலையில் இடியப்பமும் சொதியும், மதியத்தில் சோற்றுப் பார்சலும் கொடுத்து மூன்று பிள்ளைகளை வளர்த்திருக்கிறாள். அவளுக்கு மரக்கறி வருவது திருநெல்வேலிச் சந்தையிலிருந்து. சந்தைக்கு மரக்கறி வருவது கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து. விரிவுரையாளரும் ஊழியரும் மாதம்தோறும் வாங்கும் சம்பளம் கொழும்புத் திறைசேரியிலிருந்து வருகிறது என்றாலும், அதில் பெரும்பகுதி இந்த வீதிகளிலேயே செலவாகிறது. போட்டோக்கொப்பிக் கடைகள், சைக்கிள் திருத்தும் கடைகள், பட்டமளிப்பு விழாக் காலத்தில் நிரம்பி வழியும் படப்பிடிப்பு நிலையங்கள் எல்லாம் இந்த ஓட்டத்தில் கோத்தவைதான். 2020இல் கொரோனாவுக்காக வளாகம் மூடிக் கிடந்த மாதங்களில்தான் இதை நான் கண்ணால் கண்டேன். இடியப்பம் அவிக்கும் அந்தப் பெண் கூலி வேலை தேடிப் போனாள். கடைக்காரர்கள் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு வீதியைப் பார்த்திருந்தார்கள். தொழிற்சாலை என்று சொல்ல அதிகம் இல்லாத இந்த ஊரில், அரசு நடத்தும் ஒரு கல்விக்கூடம் எத்தனை அடுப்பை எரிய வைக்கிறது என்று அதுவரை நான் கணக்குப் பார்த்ததே இல்லை.

ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. அறைகள் பெருகியபோது மலசலகூடங்களும் பெருகின. அவற்றின் குழிகள் எல்லாம் கிணறு இருக்கும் அதே வளவுக்குள்தான் தோண்டப்பட்டன. நம் குடாநாட்டுக்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்கி நிற்பதைத்தான் நாம் குடிக்கிறோம். அந்தக் கல்லில் வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்திருப்பதால், தோட்டத்து யூரியாவும் மலக்குழிக் கழிவும் வடிகட்டப்படாமலே உள்ளே போய்விடுகின்றன. என் வீட்டில் இருக்கும் விஞ்ஞான பீட மாணவி ஒருத்தி சென்ற பங்குனியில் எங்கள் கிணற்று நீரைப் போத்தலில் எடுத்துப்போய்ப் பரிசோதித்துக்கொண்டு வந்தாள். குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. எங்கள் கிணறு அதைக் கடந்திருந்தது. கைக்குழந்தை உள்ள வீட்டாருக்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்க வேண்டாம் என்று அவள் சொன்னபோது எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. நாற்பது ஆண்டுகளாக வழிப்போக்கருக்கும் மொண்டு கொடுத்த கிணறு அது. இப்போது குடிக்கத் தண்ணீர் விலைக்கு வாங்குகிறோம். வளாகத்தால் ஊருக்கு வரும் வருமானத்தைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதேவேளை, இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அந்த வளாகத்துப் பிள்ளைதான் என்பதையும் மறைக்கக்கூடாது.

படித்து முடித்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்பாய். பொறியியல் படித்தவர்களில் பலர் கொழும்புக்கும் அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போகிறார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருத்துவர்கள் போவதும் கூடிவிட்டது. கலைப்பீடத்துப் பிள்ளைகள் அரச நியமனத்துக்குக் காத்திருக்கிறார்கள். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தில் மாதக்கணக்காகப் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்ததை நீ செய்தியில் பார்த்திருப்பாய். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. நீ போனபோதும் நான் குறை சொல்லவில்லை. 1983க்குப் பிறகு எவன் எங்கே உயிரோடு இருந்தானோ அதுவே பெரிது. இருந்தாலும் துணைவேந்தர் துரைராஜாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கேம்பிரிட்ஜில் ரொஸ்கோவுடனும் ஸ்கோபீல்டுடனும் சேர்ந்து களிமண்ணைப் பற்றி 1963இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை மண் பொறியியல் படிப்பவர்கள் இன்றும் படிக்கிறார்கள். உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் கதவைத் திறந்திருக்கும். அப்படிப்பட்டவர் 1988இலிருந்து 1994இல் இறக்கும்வரை, மின்சாரமும் எரிபொருளும் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் போய்வந்து இந்த நிறுவனத்தைக் காத்தார். அவர் மிதித்துப் போன வீதியில்தான் இப்போது நான் மாலையில் நடக்கிறேன்.

வருகிறவர்களைப் பற்றியும் சொல்கிறேன். பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு நாற்பது இடம் அகில இலங்கைத் திறமைக்கு, ஐம்பத்தைந்து மாவட்டங்களுக்கு, ஐந்து பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்ற முறை உனக்குத் தெரியும். அதன்படி இப்போது தெற்கிலிருந்தும் பெருந்தொகையாகப் பிள்ளைகள் வருகிறார்கள். விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் முதலிய பீடங்களில் ஆங்கிலத்தில் படிப்பிப்பதால் அவர்களுக்கும் அது வசதி. என் வீட்டில் இருக்கும் குருநாகல் பிள்ளை முதல் வருடம் என் மனைவியோடு கையாலும் கண்ணாலும் பேசினாள். இப்போது சந்தையில் தமிழில் விலை கேட்டு வாங்கி வருகிறாள். அவளுடைய தாய் தகப்பன் புத்தாண்டுக்குப் பிறகு பலகாரத்தோடு வந்து இரண்டு நாள் எங்களோடு தங்கினார்கள். அவர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்தவள் முல்லைத்தீவுப் பிள்ளை. 2009இல் தகப்பனை இழந்தபோது அவளுக்கு ஐந்து வயது. அறைக்கு முற்பணம் கட்டத் தாய் கடைசியாக இருந்த தோட்டை அடகு வைத்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நானும் ஊர் வழக்கப்படி மூன்று மாத முற்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டேன். உதவித்தொகையும் சேர்ந்தவுடன் கைக்கு வந்துவிடுவதில்லை. முதல் ஆறு மாதம் அவள் மதியச் சாப்பாட்டை விட்டதையும், விரிவுரைக்குப் போகாமல் சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுக்கப் போனதையும் என் மனைவிதான் கவனித்துச் சொன்னாள். இரண்டு பாடங்களில் தவறி, மறுபடி எழுதித் தேறினாள். இலவசக் கல்வி என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். விரிவுரைக்குப் பணம் கேட்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் வன்னியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் மலையகத் தோட்டப் பகுதிகளிலிருந்தும் வரும் பிள்ளை முதலில் தோற்பது அறை வாடகையிடமும் சோற்றுப் பார்சலிடமும்தான். இரண்டாம் வருடத்தில் எப்படியோ பழகிவிடுகிறார்கள். முதலாம் வருடத்தில்தான் சிலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறார்கள். அன்றிலிருந்து நான் முற்பணம் வாங்குவதை நிறுத்திவிட்டேன். அவளுக்குத் திருப்பியும் கொடுத்தேன். ஆனால் ஒரு வீட்டுக்காரன் செய்வது எத்தனை பேருக்குக் காணும்?

ஆகவே, வளைவு வேண்டாம். மண்டபமும் வேண்டாம். கட்டடங்களை அரசும் பிற நாடுகளும் கட்டித் தருகின்றன. கிளிநொச்சியில் எழுந்தவற்றில் இந்திய உதவியும் உண்டு. முதலாம் வருடப் பிள்ளையின் வாடகையைக் கட்டத்தான் ஆள் இல்லை. நீங்கள் சேர்க்கும் தொகையை இங்கே வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டு, அதன் வட்டியில் இயன்ற அளவு பிள்ளைகளுக்கு முதல் வருடம் முழுவதும் அறை வாடகையும் இரு வேளைச் சாப்பாடும் கொடுப்போம். பணத்தை வீட்டுக்காரரிடமும் சாப்பாடு கொடுப்பவரிடமும் நேரே சேர்த்துவிட்டால் பிள்ளை எவரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. இடியப்பம் அவிக்கும் அந்தப் பெண்ணுக்கும் மாதாமாதம் நிச்சயமான வரவு இருக்கும். மேடை, மாலை, படம் எதுவும் வேண்டாம். யாருக்குக் கிடைக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரிவு செய்யும் மூவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். மிஞ்சினால், கிணற்று நீர், வெங்காய விதை, பனை என்று இந்த மண்ணின் பிரச்சினையை எடுத்து இறுதி ஆண்டில் ஆய்வு செய்யும் பிள்ளைகளின் போக்குவரத்துக்கும் பரிசோதனைச் செலவுக்கும் கொடுக்கலாம். அது பிறகு பார்க்க வேண்டியது. முதலாவதைத் தொடங்கினாலே எனக்கு நிம்மதி.

வளைவு கேட்டவரிடம் இதை நீ எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை. எங்கள் அணியில் இறந்துபோனவர்களின் பெயர் எங்காவது பொறிக்கப்பட வேண்டும் என்ற ஆசையில்தான் அவர் கேட்டிருப்பார். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஒவ்வொரு வருடமும் உதவியை அவர்களில் ஒருவர் பெயரில் கொடுப்போம் என்று அவரிடம் சொல். முதல் வருடம் யாருடைய பெயர் என்று நான் எழுதத் தேவையில்லை. நம்மோடு ஒரே அறையில் மூன்று வருடம் பாய் விரித்துப் படுத்தவன் அவன். அவனுடைய தமக்கை இன்னும் கொக்குவிலில்தான் இருக்கிறா. சம்மதம் கேட்க நானே நேரில் போய்வருகிறேன்.

அடுத்த அணிப் பிள்ளைகள் வருவதற்குள் முதல் சிலருக்காவது அறை பார்த்து வைக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டாரிடம் பேசிவிட்டேன். முற்பணம் இல்லாமல் தர இருவரும் உடன்பட்டிருக்கிறார்கள். அங்குள்ளவர்களோடு கலந்து பேசி, எவ்வளவு சேரும் என்பதையும் தெரிவுக் குழுவுக்கு உங்கள் பக்கத்திலிருந்து யார் என்பதையும் சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
அன்புள்ள,
உன் பழைய அறைத் தோழன்