கிளை நூலக வாசகர் வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, புரவலர்களே, உறுப்பினர்களே, பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் வட்டம் செய்த பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பணம் எங்கே போயிற்று என்று கேட்க வந்தவர்கள் அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆண்டின் முதல் செயற்குழுவில் பேச்சு முழுக்க ஒரே விஷயத்தைப் பற்றித்தான். மத்திய, மாநில அரசுகள் அறிவித்திருக்கும் நாள்கள், வாரங்களை எல்லாம் துணைச் செயலாளர் ஒரு முழுத் தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டியிருந்தார். ஜனவரியை மட்டும் பாருங்கள். 12 தேசிய இளைஞர் நாள், 23 நேதாஜி பிறந்த நாளான பராக்கிரம நாள், 24 பெண் குழந்தைகள் நாள், 25 வாக்காளர் நாள், 26 குடியரசு நாள், 30 தியாகிகள் நாள். இதற்கு மேல் சாலைப் பாதுகாப்புக்கு மாதம் முழுவதும். நடுவில் பொங்கலும் திருவள்ளுவர் நாளும் வேறு. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் போட்டால் நூலகத்தில் யாரும் உட்கார்ந்து படிக்க முடியாது. "படத்துக்கு மாலை போட்டு, மிக்சர் பொட்டலம் கொடுத்து அனுப்ப வாசகர் வட்டம் எதற்கு?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். கொஞ்சம் கடுமையான கேள்விதான். ஆனாலும் யாரிடமும் பதில் இல்லை.

வந்தவர் கையால் செய்ய ஏதாவது ஒரு வேலை இருக்கிற நாளுக்கு நிகழ்ச்சி வைப்பது, மற்ற நாள்களுக்கு வாசலில் ஒரு மேசை போட்டு அந்தத் தலைவரைப் பற்றிய, அந்தப் பொருளைப் பற்றிய நூல்களை எடுத்து வைப்பது என்று அன்று முடிவாயிற்று. தலைவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதையைக் குறைக்கிறோம் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். என் கருத்தைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மேசையில் வைத்த நூல்களில் பல அன்றே இரவல் போயின. மாலையை யாரும் இரவல் வாங்கிப் போவதில்லை.

ஏப்ரல் 14 தொடக்கத்திலேயே சோதித்துவிட்டது. தமிழ்ப் புத்தாண்டு, அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள், அதாவது 2022 முதல் தமிழ்நாட்டில் சமத்துவ நாள், தீத்தொண்டு வாரத்தின் தொடக்கம், மூன்றும் ஒரே நாளில் வருகின்றன. போதாததற்கு மக்களவைத் தேர்தல் நேரம். மேடை, ஒலிபெருக்கி எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டு, சமத்துவ நாளில் அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையை மாணவர்களைக் கொண்டு வாசிக்கச் செய்தோம். தீயணைப்பு நிலையத்தார் அந்த வாரத்திலேயே ஒரு மாலை வந்தார்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில் வெடிமருந்தும் பஞ்சுப் பொதிகளும் ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டைக்கின் கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அதில் இறந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாகத்தான் இந்த நாளும் வாரமும். அதைச் சொல்லிவிட்டு நேராக சிலிண்டருக்கு வந்துவிட்டார்கள். எரிகிற சிலிண்டரின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடுவதை முதலில் அவர்கள் செய்து காட்டினார்கள். அப்புறம் "யார் வருகிறீர்கள்?" என்று கேட்டதும் ஆண்கள் எல்லோரும் ஒரு அடி பின்னால் போனோம். சத்துணவு மையத்தில் சமைக்கும் அம்மா ஒருவர்தான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். சாக்கைத் தன் உடம்புக்கும் தீக்கும் நடுவில் பிடித்தபடி போய், மூடி, ரெகுலேட்டரையும் திருகி அணைத்துவிட்டு வந்தார்.

ஜூலை முதல் வாரம் வன மகோத்சவம் என்னும் மரம் நடு விழா. 1950-இல் கே. எம். முன்ஷி மத்திய அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. இதைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. ஆடுகள் சொல்லும். அடுத்த ஆண்டு கூண்டு வைக்கப் பணம் இருந்தால்தான் மரக்கன்று என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

ஜூலை 15 காமராசர் பிறந்த நாளான கல்வி வளர்ச்சி நாளில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை நூலக உறுப்பினராகச் சேர்த்தோம். ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் நாள். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதனின் பிறந்த நாளாக அது கொண்டாடப்படுகிறது. அவர் அந்தப் பொறுப்பேற்று நூறாண்டு ஆனது 2024-இல்தான். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நாம் சொத்து வரியோடு கட்டுகிற நூலக வரி அந்தச் சட்டத்திலிருந்து வந்ததுதான். கூரை ஒழுகும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டு மனு எழுத வேண்டும். எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

கண்தான இருவாரம் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை. உறுதிமொழி அட்டைகளை நிரப்பி வாங்குவது வழக்கம். இந்த முறையும் வாங்கினோம். ஆனால் அட்டையில் கையெழுத்துப் போட்டவர் இறந்த பிறகு வீட்டார் சொன்னால்தான் காரியம் நடக்கும். ஆகவே, "இறந்தவுடன் வீட்டில் என்ன செய்ய வேண்டும்" என்று ஒரு பக்கத் துண்டறிக்கை அச்சிட்டோம். இமைகளை மூடி அவற்றின் மேல் ஈரப் பஞ்சை வைக்க வேண்டும், தலைக்குத் தலையணை வைத்துச் சற்று உயர்த்த வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும் என்பதால் உடனே கண் வங்கிக்குச் சொல்ல வேண்டும். கார்த்திகை மாதத்தில் நம் உறுப்பினர் ஒருவரின் தாயார் காலமானார். அழுகைக்கு நடுவே ஒருவர் எழுந்து மின்விசிறியை நிறுத்தியதும், "இந்தப் புழுக்கத்தில் ஏன் நிறுத்துகிறாய்?" என்று உறவினர்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள். அவர் துண்டறிக்கையை எடுத்துக் காட்டியிருக்கிறார். இரவே மருத்துவக் குழு வந்து கண்களைப் பெற்றுக்கொண்டது. அந்த உறுப்பினர் இந்த அவையில்தான் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் சொல்லவில்லை.

இரத்ததான முகாம்தான் இந்த ஆண்டு நமக்கு அதிக வேலை வைத்தது, அதிகம் கற்றுக்கொடுத்ததும் அதுதான். அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ இரத்ததான நாள். காசுக்கு இரத்தம் விற்கும் வழக்கத்தை மாற்றப் பாடுபட்ட மருத்துவர் ஜெய் கோபால் ஜாலியின் பிறந்த நாள் அது. 18 வயது முடிந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும் என்ற விதிகளை முன்கூட்டியே பலகையில் எழுதியிருந்தோம். முதல் இரண்டில் சிக்கல் இல்லை. மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டோம்.

சோதனை எளியது. நீல நிற மயில்துத்தக் கரைசல் இருக்கிற கண்ணாடிக் குடுவையில் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு விடுவார்கள். சொட்டு மூழ்கினால் இரத்தம் கொடுக்கலாம், மிதந்தால் வீட்டுக்குப் போகலாம். கல்லூரிப் பெண்கள் கூட்டமாக, ஆசையாக வந்திருந்தார்கள். வரிசையில் ஒருவர் பின் ஒருவராகச் சொட்டு மிதந்தது. "அக்கா, இன்னொரு தடவை பாருங்களேன்" என்று செவிலியரிடம் ஒரு பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டாம் முறையும் மிதந்தது. காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு டீ குடித்தேன் என்றாள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21) சொல்கிறது. அந்த எண் நம் நூலகத் தாழ்வாரத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், செப்டம்பர் 1 முதல் 7 வரை, தேசிய ஊட்டச்சத்து வாரம் வந்து போயிருந்தது. ஊரெங்கும் கேரட், கீரைப் படங்கள் ஒட்டினார்கள். நம் மேசையிலும் சமையல் நூல்களும் உணவு நூல்களும் இருந்தன. யாருடைய விரலிலும் யாரும் ஊசி குத்திப் பார்க்கவில்லை. இனி ஊட்டச்சத்து வாரத்தை இரத்ததான நாளோடு சேர்த்து நடத்துவது என்று முடிவு செய்திருக்கிறோம். செப்டம்பர் முதல் வாரத்தில் பரிசோதனை. குறைவாக இருப்பவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி இரும்புச்சத்து மாத்திரை வாங்கித் தருவது. மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். ஒரு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று மருத்துவர் சொல்லவில்லை. மூன்று மாதமாவது ஆகும் என்றார். ஆகவே முகாமுக்கு வர முடியாமல் போகிறவர்களுக்காக ஜனவரியில் இன்னொரு முகாமும் தேவைப்படும்.

நவம்பர் 14-இல் குழந்தைகள் நாள், 57-ஆவது தேசிய நூலக வாரத் தொடக்கம், கூட்டுறவு வாரத் தொடக்கம், உலக நீரிழிவு நாள் எல்லாம் சேர்ந்து வந்தன. நீரிழிவு நாளில் குழந்தைகளுக்கு லட்டு கொடுக்கலாமா என்று செயற்குழுவில் வெகு நேரம் விவாதம் நடந்தது. கொடுத்தோம். நூலக வாரப் போட்டிகளின் பரிசுப் பட்டியல் தனியாக ஒட்டப்பட்டுள்ளது.

டிசம்பர் 7 கொடிநாள். 1949 முதல் நடந்து வருகிறது. முப்படைகளைக் குறிக்கும் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலக் கொடியைச் சட்டையில் குத்திவிட்டு உண்டியலை நீட்டினால் எல்லோரும் போடுகிறார்கள், எதற்கென்று பலருக்குத் தெரியாது. நம் உறுப்பினர்களில் முன்னாள் ராணுவத்தினர் ஒருவர் உண்டியலோடு உட்கார்ந்து, போரில் ஊனமுற்றவர், இறந்தவர் குடும்பம், ஓய்வு பெற்ற படைவீரர் ஆகியோருக்கு அந்தப் பணம் போகும் வழியைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். சேர்ந்த தொகை அப்படியே முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் செலுத்தப்பட்டு ரசீது பெறப்பட்டது.

டிசம்பர் 22, ஈரோட்டில் 1887-இல் பிறந்த இராமானுஜனின் பிறந்த நாள். தேசியக் கணித நாள். இதைச் சென்னையில் அறிவித்தவர் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங். பேச்சாளர் யாரையும் கூப்பிடவில்லை. கரும்பலகையில் 22, 12, 18, 87 என்று அவர் பிறந்த தேதியை முதல் வரிசையில் எழுதி, அதன் கீழே இன்னும் மூன்று வரிசைகளை நிரப்பி, எப்படிக் கூட்டினாலும் 139 வருகிற மாயச்சதுரத்தைக் கணித ஆசிரியை காட்டினார். அப்புறம் அவரவர் பிறந்த தேதிக்குப் போடச் சொன்னார். இரண்டாம் வரிசை நான்காவது எண்ணிலிருந்து தொடங்கும், அதில் ஒன்று கூட்ட வேண்டும் என்று வழியையும் சொல்லிக்கொடுத்தார். எல்லோருக்கும் வந்தது. ஜனவரியில் பிறந்த ஒரு பையனுக்கு மட்டும் கட்டத்தில் கழித்தல் இரண்டு வந்துவிட்டது. மாதத்தின் எண்ணிலிருந்து மூன்றைக் கழிக்க வேண்டிய இடம் அது. தப்பு என்று ரப்பரால் அழிக்கப் போனவனை ஆசிரியை தடுத்து, கூட்டிப் பார்க்கச் சொன்னார். கூட்டினான், சரியாக வந்தது. அவன் நோட்டைப் பார்க்க மற்ற பிள்ளைகள் முண்டியடித்தார்கள். இந்த நிகழ்ச்சிக்கு நம் செலவு சாக்பீஸ் மட்டும்தான் என்பதைப் பொருளாளரும் உறுதி செய்வார். நான்காம் நாள், டிசம்பர் 26 அன்று, மன்மோகன் சிங் மறைந்தார். அரசு துக்கம் ஏழு நாள் என்பதால் புத்தாண்டு நிகழ்ச்சியைக் கைவிட்டோம்.

நடுவில் டிசம்பர் 24 நுகர்வோர் நாளன்று, ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை என்ற செய்தியைப் பலகையில் எழுதினோம். அதைப் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் பலர்.

ஜனவரி 25-ஐத் தமிழ்நாட்டில் கையாள்வது தனிக் கலை. 1950-இல் அதே தேதியில் தேர்தல் ஆணையம் தொடங்கப்பட்டதால் 2011 முதல் தேசிய வாக்காளர் நாள். நமக்கு அது அதற்கு வெகு முன்பிருந்தே மொழிப்போர் தியாகிகள் நாள். கீழப்பழுவூர் சின்னச்சாமி 1964-இல் தீக்குளித்த நாள். காலையில் மொழிப்போர் வரலாற்று நூல்களை வைத்து அஞ்சலி, மாலையில் வாக்குச்சாவடி நிலை அலுவலரை உட்கார வைத்து, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 நிரப்புதல் என்று பிரித்துக்கொண்டோம். 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்பது பல பெற்றோருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

ஜனவரி 30 காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். அதன் பின் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி. கை நீட்டி வாசித்து முடித்ததும் பெண் உறுப்பினர் ஒருவர், "இதை நூலகத்துக்குள் வாசிப்பது சுலபம், ஊர்ப் பொது இடத்தில் வாசிப்போமா?" என்று கேட்டார். சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு பேருந்து நிறுத்தத்து டீக்கடை முன் வாசிப்பது என்ற தீர்மானத்தை இந்தப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். செயற்குழுவில் இது ஒருமனதாக நிறைவேறவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். அதே நாள் தொழுநோய் எதிர்ப்பு நாளும் ஆகும். உணர்ச்சியற்ற, வெளிறிய தேமல் இருந்தால் காட்டுங்கள், கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம் என்று சுகாதார ஆய்வாளர் பேசினார். கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் அவரைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார்.

அடுத்த ஆண்டுக்கு மூன்று தேவைகள் உள்ளன. செப்டம்பர் பரிசோதனைக்கு வண்டி உதவி, கண்தானத் துண்டறிக்கையின் மறுபதிப்புக்கு அச்சுச் செலவு, வாசல் மேசைக்கு ஒரு நல்ல காலுள்ள மேசை. இப்போதுள்ளதன் கீழே நாளிதழ்க் கட்டு முட்டுக்கொடுத்திருக்கிறது. ஆண்டுச் சந்தா பாக்கி உள்ளவர்கள் வெளியேறும் முன் பொருளாளரைப் பார்க்கவும்.

நூலகர் அவர்களுக்கும், விடுமுறை நாளிலும் கதவைத் திறந்து தந்த ஊழியருக்கும், தீயணைப்பு நிலையத்தார், மருத்துவக் குழுவினர், ஆசிரியர்கள் அனைவருக்கும் வட்டத்தின் நன்றி. இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்