இணைப்புத் திசு வெறும் பஞ்சு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், 'இணைப்புத் திசு செல்கள் இடத்தை அடைக்கும் பஞ்சு மாதிரி. ரத்தம் உறைவதில் அவற்றுக்கு வேலையில்லை' என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

31 வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்தவள் நான். ஊசி ஒரே குத்தில் நரம்பில் இறங்காமல், உள்ளே துழாவி எடுத்த ரத்தம் சீக்கிரமே கட்டிப்போகும். திசுச் சாறு கலந்துவிட்டது என்பார் சீனியர். திட்டு எனக்கு. ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் பி.டி. டெஸ்டுக்கு, முயல் மூளையிலிருந்து எடுத்த திராம்போபிளாஸ்டின் என்ற திசுச் சாற்றைத்தான் சேர்ப்போம். 37 டிகிரி தண்ணீரில் வைத்த குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால், 12, 13 விநாடியில் மெல்லிய இழை ஓடும். அதற்குக் காரணம் திசுக்காரணி. ரத்தக் குழாய்க்கு வெளியே உள்ள செல்களின் மேல் இருக்கும் புரதம். ரத்தத்தில் உள்ள ஏழாம் காரணி என்ற உறைதல் புரதம் அதில் ஒட்டினால் உறைதல் தொடங்கிவிடும்.

திசுக்காரணியைச் செய்யும் ஜீன், இணைப்புத் திசுவின் முக்கிய செல்களான ஃபைப்ரோபிளாஸ்ட்களில் எப்போதும் ஒரே அளவில் வேலை செய்வதும் இல்லை. 1989-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்த வகை எலி செல்களைப் பட்டினி போட்டு, பிறகு சீரம் கொடுத்தார்கள். சீரத்தில் உள்ள வளர்ச்சிக் காரணிகள் பட்டதும் முதல் வரிசையில் விழித்த ஜீன்களில் திசுக்காரணியுடையதும் ஒன்று. 1999-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு அதே வகை மனித செல்களுக்குச் சீரம் கொடுத்து சுமார் 8,600 ஜீன்களைப் பார்த்தபோது, செல் பிரிவதற்கான ஜீன்களோடு காயம் ஆற்றும் ஜீன்களும் சேர்ந்தே எழுந்தன. யோசித்தால் சரிதான். ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் நீர்தானே சீரம்? பிளேட்லெட் கொட்டிய பி.டி.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி அதில் இருக்கிறது. உடம்புக்குள் ஃபைப்ரோபிளாஸ்ட் சீரத்தைக் காண்பது காயம் பட்டால்தான்.

இதற்கு முன்பும் இரண்டு கடிதம் போட்டேன். ஹீமோகுளோபின் அளவைச் சதவீதத்தில் போட்டதற்கு ஒன்று. பிளாஸ்மாவும் சீரமும் ஒன்றே என்று எழுதியதற்கு ஒன்று. பதில் இல்லை. அப்புறம் அறிவியல் பக்கமே அரைப் பக்கமானது. டாக்டர்களிடம் கருத்துக் கேட்கிறீர்கள், நல்லது. குழாயைக் கையில் பிடித்தவர்களிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நாற்பது வருஷமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவள் என்பதால்தான் இவ்வளவு வருத்தம்.

விஷயம் தங்களுக்குத் தெரியாததல்ல. பார்வையிலிருந்து தப்பியிருக்கும். அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன், தங்கள் வாசகி